பாஸ் போடக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு?

கூடைப்பந்து ஆடும் எந்தப் பள்ளி மைதானத்திலும் அதிகமாகக் கேட்கும் சத்தம் “பாஸ் போடுடா!” என்பதுதான். கேட்பவன் ரிங்குக்குக் கீழே தனியாக நிற்கிறான். பந்தை வைத்திருப்பவன் இரண்டு பேரைத் தாண்டிப்போய் மூன்றாமவனிடம் பறிகொடுக்கிறான். ஓரத்தில் நிற்கும் பி.டி. ஆசிரியர் “டீமா ஆடுங்கடா” என்று கத்துகிறார். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அடுத்த முறையும் அதேதான் நடக்கிறது. ஆசிரியர் சொன்னது அவர்களுக்குப் புரியாமல் இல்லை. டீமாக ஆடுவதற்குக் கண் எங்கே பார்க்க வேண்டும், கால் எங்கே போக வேண்டும், வாய் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் பழக்கிக் காட்டவில்லை.

இளம் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை நல்ல கூட்டாளிகளாக வளர்ப்பது எப்படி என்ற கேள்வி பழையது. பயிற்சியாளர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அண்மையில் பொருளியல் ஆய்வாளர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பதில்களையெல்லாம் ஒடுகத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலைச் சுற்றி வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கூட்டாளியாக இருப்பது பிறவிக் குணமும் இல்லை, உபதேசத்தால் வருவதும் இல்லை. லே-அப் எப்படிப் பழகினால் வருமோ அப்படித்தான் இதுவும் வரும். பெரியவர்கள் எதை எண்ணுகிறார்கள், எதைப் பாராட்டுகிறார்கள், யாரை ஆட விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வளரும் அல்லது வாடும்.

விதி கைவிட்ட இடம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் வெளியே ஆட வழியில்லாமல் துறுதுறுத்துக்கொண்டிருந்த 18 இளைஞர்களின் வகுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. கூரைக்குக் கீழே, கை கால் உடையாமல் ஆட ஓர் ஆட்டம் வேண்டும். பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே தள்ளுவதால்தான் அடிதடி வருகிறது, பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால் தள்ளுமுள்ளுக்கு வேலையில்லை என்று அவர் யோசித்தார். அவர் எழுதிய 13 விதிகளில் மூன்றாவது விதி இதுதான்: பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் ஒருவன் தனியாகப் பந்தைக் கொண்டுபோக வழியே இல்லை. பாஸ் கொடுப்பதை ஒரு நற்பண்பு என்று யாரும் போதிக்கத் தேவைப்படவில்லை. விதியே அதைச் செய்தது.

பிறகு ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டியபடி நகரும் வழியைக் கண்டுபிடித்தார்கள். டிரிபிளிங் ஆட்டத்துக்கு வேகத்தையும் அழகையும் கொடுத்தது. கூடவே ஒருவனே பந்தை வைத்துக்கொண்டு சுற்றும் வாய்ப்பையும் கொடுத்தது. இன்றைய சர்வதேச விதிப்படி ஓர் அணி 24 நொடிக்குள் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும். அந்த நேரம் முழுவதையும் ஒரே ஆள் தட்டித் தட்டித் தீர்த்தாலும், அதற்காக மட்டும் நடுவர் விசில் ஊதமாட்டார்.

நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் மற்ற ஆட்டங்களைப் பாருங்கள். கைப்பந்தில், பிளாக்கைத் தவிர, ஒருவரே தொடர்ந்து இருமுறை பந்தைத் தொட முடியாது. அடுத்தவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும். கபடியில் அவுட்டான பையன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். கூட்டாளிகள் எதிரணியில் ஒருவனை வெளியேற்றினால்தான் அவன் திரும்ப உள்ளே வர முடியும். அப்படி உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்தால் தெரியும், அடுத்தவன் எடுக்கும் புள்ளிக்காக ஒருவன் எவ்வளவு உண்மையாக ஏங்க முடியும் என்று. அந்த ஏக்கத்தைக் கபடியின் விதியே உண்டாக்கிவிடுகிறது.

இலங்கையில் பெண்கள் பரவலாக ஆடும் வலைப்பந்து கூடைப்பந்திலிருந்து பிறந்தது. நெய்ஸ்மித்தின் பழைய விதியை அது இன்னும் விடவில்லை. பந்தோடு ஓட முடியாது, தட்டிக்கொண்டு நகர முடியாது, மூன்று நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 208 செ.மீ. உயரமுள்ள வீராங்கனை. இலங்கை அணி 2009இலும் 2018இலும் ஆசியக் கோப்பையை வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வளையத்துக்குக் கீழே அவ்வளவு உயரத்தில் நின்றாலும், நடுக்களத்திலிருந்து அவர் கைக்குப் பந்தை அனுப்பச் சிங்களம் பேசும் தோழிகள் வேண்டியிருந்தது. ஊரில் எவ்வளவு பிளவு இருந்தாலும் களத்துக்குள் பந்து கைமாறாமல் ஒரு புள்ளியும் வராது.

கூடைப்பந்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விதி கைவிட்டதைப் பயிற்சியாளர்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பொறுப்பு பி.டி. ஆசிரியர் தோளில் விழுகிறது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கிளைத்த மரபு அது. நெய்ஸ்மித்தைப் போலவே பக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியில் வந்தவர். அடங்காத பிள்ளைகளை ஆட்டத்தால் நெறிப்படுத்தலாம் என்ற நம்பிக்கைதான் அந்த இயக்கத்தின் அடித்தளம்.

ஆடினாலே குணம் வந்துவிடுமா?

“விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும்” என்ற வாசகத்தை ஆண்டுவிழா மேடைகளில் கேட்டுக்கேட்டு நாம் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. 1980களில் பிரெண்டா பிரெட்மையர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கூடைப்பந்து ஆட்டக்காரர்களையும் ஆடாத மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, நியாய அநியாயம் பற்றி அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். கல்லூரி அளவில் கூடைப்பந்து ஆடுபவர்களின் சிந்தனை ஆடாதவர்களைவிடக் கீழான நிலையில் இருந்தது. பள்ளி வயதில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆட்டம் தானாக யாரையும் நல்லவனாக்குவதில்லை, கவனிக்காமல் விட்டால் “ஜெயிச்சா போதும்” என்ற புத்தியும் வளரலாம் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. பள்ளி வயதில் இன்னும் கை நழுவிவிடவில்லை என்பது ஆறுதல்.

அப்படியானால் திட்டமிட்டுக் கற்பித்தால் வருமா? அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளிடையே 1970களிலிருந்து வேலை செய்த டான் ஹெலிசன் அதற்கு ஒரு படிவரிசையை உருவாக்கினார். முதற்படி, அடுத்தவரை மதிப்பது: கை நீட்டாமல், கேலி செய்யாமல் இருப்பது. இரண்டாவது, முழு முயற்சியோடு கலந்துகொள்வது. மூன்றாவது, யாரும் மேய்க்காமல் தானே பயிற்சி செய்வது. நான்காவது, அடுத்தவருக்கு உதவுவது. ஐந்தாவது, இவற்றை மைதானத்துக்கு வெளியேயும் கொண்டுபோவது. கூடைப்பந்தையே கருவியாக வைத்துக்கொண்டு அவர் பிள்ளைகளோடு இந்தப் படிகளில் ஏறினார். நாம் பெரும்பாலும் முதற்படியை விட்டுவிட்டு நேராக நான்காவதுக்குத் தாவப் பார்க்கிறோம். ஒரு பையனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அவனுக்குப் பாஸ் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் அணிகளில் பயிற்சியாளர்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள். தவறு செய்த பிள்ளையைத் திட்டாமல் தைரியம் சொல்லித் திருத்துவது, முயற்சியைப் பாராட்டுவது என்று ஒரு சிறு பயிற்சியைப் பயிற்சியாளர்களுக்கே கொடுத்தார்கள். 1992இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த பருவத்தில் ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் 5 சதவீதம். மற்றவர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம். முட்டி போடவைப்பதும், ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரையும் மைதானம் சுற்ற வைப்பதும் ஒற்றுமையை வளர்க்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் தப்புச் செய்தவனை மற்றவர்கள் வெறுக்கத்தான் அது சொல்லிக்கொடுக்கிறது.

ஒட்டுறவுள்ள அணி நன்றாக ஆடுமா, அல்லது நன்றாக ஆடும் அணியில் ஒட்டுறவு வருமா? கனடா ஆய்வாளர் ஆல்பர்ட் கேரனும் சகாக்களும் 2002இல் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் உறவு உண்டு, பெண்கள் அணிகளில் அது இன்னும் வலுவாக உண்டு என்று கண்டார்கள். ஒட்டுறவில் இரண்டு வகையைக் கேரன் பிரித்துக் காட்டினார். சேர்ந்து டீ குடித்துச் சிரிப்பது ஒன்று. “இன்றைக்கு நாம் செய்ய வேண்டிய வேலை இது” என்று ஒரே மனதாக நிற்பது இன்னொன்று. இளம் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. எல்லோரும் உயிர் நண்பர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிக்காதவனுக்கும் நேரத்துக்குப் பாஸ் கொடுத்தால் அவன் நல்ல கூட்டாளிதான்.

2010இல் மைக்கேல் கிராஸ், கேஸி ஹுவாங், டாகர் கெல்ட்னர் ஆகியோர் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்து, ஆட்டக்காரர்கள் எத்தனை முறை கை தட்டிக்கொள்கிறார்கள், தோளைத் தொடுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள் என்று எண்ணினார்கள். பருவத்தின் தொடக்கத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பின்னர் நன்றாக ஆடின. தொட்டதால்தான் வென்றார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட பையனிடம் நான்கு பேரும் போய்க் கையைத் தட்டுவதற்குக் காசு செலவில்லை.

2014இல் ரோடெரிக் ஸ்வாப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. கூடைப்பந்திலும் கால்பந்திலும் நட்சத்திரங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் அணியின் ஆட்டம் கெடுகிறது. பேஸ்பாலில் அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரும் பெரும்பாலும் தனித்தனியாக வேலை செய்கிறார்கள். ஒருவரையொருவர் சார்ந்து ஆடும் ஆட்டத்தில் யார் பெரியவன் என்ற போட்டி உள்ளே புகுந்தால் பந்து நகராது. பள்ளியில் உயரமான ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்தும் ஏன் தோற்கிறோம் என்று குழம்பும் ஆசிரியர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

தெருவாரியாக ஆடும் ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பகுதியில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் அணிகள் எப்படி அமைகின்றன? பெரும்பாலும் தெருவாரியாக, ஊர்வாரியாக. தெரு என்பது பல ஊர்களில் சாதியின் இன்னொரு பெயர். ஊர் அணி, காலனி அணி என்று பிரிந்து மோதும் ஆட்டம் நட்பை வளர்க்கும் என்று நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இதைச் சோதித்த ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் லீக் நடத்தினார். 1,261 இளைஞர்கள் ஆய்வில் இடம்பெற்றார்கள். சீட்டுக் குலுக்கியதைப் போலச் சிலரை ஒரே சாதிக்காரர்கள் கொண்ட அணியிலும், சிலரைப் பல சாதியினர் கலந்த அணியிலும் போட்டார். 2021இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. வேறு சாதிப் பையன்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரனுக்கே சலுகை காட்டும் போக்கு குறைந்தது. வேறு சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் விளைவு பெரும்பாலும் எதிர்த்திசையில் போனது. மைதானம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. உட்காரும் பெஞ்சைக் கலந்து போடச் சொல்லும்போது, ஆடும் அணியையும் கலந்து போடத்தானே வேண்டும்? மைதானத்தில் சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கப் பி.டி. ஆசிரியருக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஒடுகத்தூர் பக்கத்துக்கு இதில் தனி வாய்ப்பு இருக்கிறது. மேலே ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்கள். கீழே பாலாற்றுப் பக்கம் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும். விவசாய வீட்டுப் பிள்ளை, ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவின் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, மலையிலிருந்து படிக்க இறங்கி வந்த பிள்ளை என ஒரே மைதானத்தில் எல்லோரும் கலக்க முடிகிற இடம் இது. மலைப் பிள்ளைக்குப் பேச்சு வழக்கு வேறு. கேலிக்கு அது ஒன்றே போதும். அந்தக் கேலியை முதல் நாளே நிறுத்துவதும், எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்குவதும்தான் இந்தப் பயிற்சியின் அரிச்சுவடி. மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்காகப் பயிற்சியைப் பத்து நிமிடம் முன்னால் முடிப்பதும் அணியுணர்வுதான்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேசப்பட வேண்டியது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பதின்வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்களில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தன்னைவிட மூத்தவர்கள் ஆடும் அணியை அந்த வயதில் கட்டிக்காக்கப் புள்ளி எடுக்கும் திறமை மட்டும் போதாது. நம் பகுதிப் பெண் பிள்ளைகள் பலர் வயதுக்கு வந்ததும் மைதானத்தை விட்டு விலகுகிறார்கள். ஒருத்தி நின்றுபோனால் அணியே கலைந்துவிடும் என்ற நிலையில், “நீ வா, நாங்க வீட்ல வந்து பேசறோம்” என்று சொல்லும் தோழிகளே அந்த அணியைக் காப்பாற்றுகிறார்கள். முக்காடு அணிந்து ஆட முடியாது என்ற தடையைச் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2017இல் நீக்கிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

தேர்வு நாள் கற்றுக்கொடுக்கும் பாடம்

பிள்ளைகளைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன், நாம் அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மாவட்ட அணிக்கான தேர்வு நாளை நினைத்துப் பாருங்கள். பல பள்ளிகளிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள். சட்டையில் குத்திய ஒரு எண். ஆட்டத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். பாஸ் கொடுத்தால் பந்து போனது போனதுதான், திரும்பி வராது. பையன் தூரத்திலிருந்து எறிகிறான், வளையத்தில் படாமல் போகிறது, அடுத்த பந்தையும் எறிகிறான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அந்தப் பையனுக்கு இது வெறும் ஆட்டம் இல்லை. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு என்று எல்லாமே சான்றிதழில் தொங்குகின்றன. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பது அவனுக்குத் தெரியும். வேலூர் மாவட்டத்தின் பெயர் சொல்லும் வீரர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வென்றவர். மேடையில் அவர் தனியாக நின்று தூக்கினார், பதக்கமும் அவர் ஒருவருக்கே. கூடைப்பந்துப் பையனும் அப்படித் தனியாக ஜொலிக்கலாம் என்று நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கூடைப்பந்தில் சான்றிதழ் கிடைப்பது அணிக்கு. 12 பேரும் சேர்ந்து மேலே போனால்தான் ஒவ்வொருவருக்கும் அது கையில் வரும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்கிறோமா?

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஒடுகத்தூர் வேலூரிலேயே இருக்க, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஒரே மாவட்ட அணியில் ஆடியிருக்க வேண்டிய பிள்ளைகள் இன்று இரண்டு அணிகளில் ஆடுகிறார்கள். இடங்கள் கூடியது நல்லது. தேர்வு முறையும் கூடவே மாறினால் இன்னும் நல்லது. முதல் சுற்றில் டிரிபிள் செய்யாமல் ஆடவைத்துப் பார்த்தாலே யாருக்குக் கண் திறந்திருக்கிறது, யார் பந்து இல்லாதபோதும் ஓடுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்படிப் பழக்குவது?

நெய்ஸ்மித்தின் விதியைப் பயிற்சியில் தினமும் கால் மணி நேரம் திரும்பக் கொண்டுவரலாம். மூன்றுக்கு மூன்று ஆட்டம், தரையில் பந்தைத் தட்டக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் பந்து வைத்திருப்பவனையே பார்த்துக்கொண்டு மரமாக நிற்பார்கள். பந்துக்காரன் திணறுவான். மெல்ல ஒருவன் புரிந்துகொள்வான்: நான் நகர்ந்தால்தான் அவனால் கொடுக்க முடியும். பாஸ் கொடுத்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவன், கொடுத்த அடுத்த கணமே கூடையை நோக்கி ஓடத் தொடங்குவான். அந்த ஓட்டம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பந்தை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது.

அடுத்தது நன்றி சொல்லும் பழக்கம். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சாம்பியனாக்கிய ஜான் வுடன், புள்ளி எடுத்தவன் பாஸ் கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்கவோ கை காட்டவோ வேண்டும் என்று வைத்திருந்தார். அவன் நம்மைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாணவன் கேட்டானாம். கட்டாயம் பார்ப்பான் என்றாராம் வுடன். கொடுத்தவன் அந்த ஒரு சைகைக்காகக் காத்திருப்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித்தும் இதையே கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். களைத்துப்போன ஆட்டக்காரன் தானே கையை மடக்கி உயர்த்தி வெளியே வரலாம் என்ற வழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே நின்று அணியை இழுப்பதைவிட, “என்னால முடியல, அவனை அனுப்புங்க” என்று சொல்வதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வேலையை எண்ணுவது. கூடைக்கு நேராக முடிந்த பாஸ் ‘அசிஸ்ட்’ என்று ஏட்டில் ஏறுகிறது. அந்தப் பாஸுக்கு வழி பண்ண எதிரியின் பாதையை மறித்து ஸ்கிரீன் வைத்தவன், எதிரணி ஆளை முதுகால் தள்ளி நிறுத்தி ரீபவுண்டைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தவன், கோட்டுக்கு வெளியே போன பந்துக்குப் பாய்ந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவன் இவர்கள் யாரும் ஏறுவதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று எத்தனையோ கைகளைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகிறது. கடைசியில் பளபளப்பு ஏற்றியவர் மட்டுமே செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆசிரியர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, ஸ்கிரீன், மறிப்பு, பாய்ச்சல், பேச்சு என நான்கு பத்தி போட்டு எண்ணச் சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும் புள்ளிக் கணக்குக்கு முன்னால் இந்தக் கணக்கைப் படிக்கலாம். எது எண்ணப்படுகிறதோ அதைப் பிள்ளைகள் செய்வார்கள்.

நான்காவது, ஃபவுல் பற்றிய பாடம். ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். ஆட்டத்தின் ஒரு கால் பகுதியில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால் ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒருவனுடைய கோபத்துக்கு மற்ற நால்வரும் விலை கொடுக்கிறார்கள். நடுவரிடம் முறைத்துக்கொள்ளும் பையனை ஆசிரியர் அடக்குவதைவிட, “விடுடா, நமக்கு நாலு ஆயிடுச்சு” என்று கூட்டாளி தோளைத் தொட்டு இழுத்து வருவதே மேல். அதற்கும் ஒத்திகை வேண்டும். யார் போய் இழுத்து வருவது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

வெளியே உட்காரும் ஏழு பேர்

12 பேர் கொண்ட அணியில் களத்தில் நிற்பது ஐவர். மீதி ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த நேரத்திலும் ஆடுபவர்களைவிட உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். அப்படியிருக்க, எப்படி உட்கார்வது என்பதற்கு நாம் பயிற்சியே கொடுப்பதில்லை. செல்போனை நோண்டிக்கொண்டு, ஆடுபவன் தவறினால் உள்ளூர மகிழ்ந்துகொண்டு உட்காரும் பிள்ளையை நாம்தான் உண்டாக்குகிறோம். அவனை உட்காரவைத்ததற்குக் காரணம் சொல்வதில்லை, எப்போது இறக்குவோம் என்றும் சொல்வதில்லை.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணி இதற்கு ஒரு வழி கண்டது. தொடக்க ஐவருக்கு நிகரான திறமையுள்ள ஒருவரை வேண்டுமென்றே வெளியே உட்காரவைத்து, ஆட்டம் தளரும் நேரத்தில் இறக்குவார்கள். ஃபிராங்க் ராம்சேயும் ஜான் ஹாவ்லிசெக்கும் அந்த ஆறாவது ஆளாக ஆடிப் புகழ்பெற்றார்கள். 1982-83 முதல் என்.பி.ஏ. அந்த இடத்துக்கே ஆண்டு விருது கொடுக்கிறது. அதே அணியின் பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பைகளை வென்றவர். தன் ஆட்டத்தை அவர் அளந்தது, கூட்டாளிகளை எவ்வளவு நன்றாக ஆடவைத்தோம் என்பதை வைத்து.

பள்ளியில் இதை எளிதாகச் செய்யலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே எல்லோரும் எல்லா ஆட்டத்திலும் இறங்க வேண்டும், இதில் விலக்கே கூடாது. அதற்கு மேல் வயதுள்ளவர்களில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வேண்டும்: ஒருவன் நோட்டில் எண்ணட்டும், ஒருவன் எதிரணியின் சிறந்த ஆளைக் கவனித்து இடைவேளையில் சொல்லட்டும், ஒருவன் வெளியே வருபவனுக்குத் தண்ணீரோடு எழுந்து நிற்கட்டும். கேப்டன் பதவியைப் பயிற்சி ஆட்டங்களில் மாற்றி மாற்றிக் கொடுத்தால், நாளைக்குத் தன் முறை வரும் என்று தெரிந்த பிள்ளை இன்றைய கேப்டனை மதிப்பான்.

யார் செய்ய வேண்டும்?

தொகுத்துச் சொன்னால் சான்றுகள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஆட்டம் தானாகப் பண்பை வளர்ப்பதில்லை. திட்டமிட்டுப் பழக்கினால், திட்டாமல் திருத்தினால், கலந்த அணிகளில் ஆடவைத்தால், கண்ணுக்குத் தெரியாத வேலையை எண்ணிப் பாராட்டினால் வளர்கிறது. இதற்கு மரத்தரை அரங்கமோ வெளிநாட்டுப் பயிற்சியாளரோ தேவையில்லை. சிமெண்ட் தரையும் ஒரு பந்தும் ஒரு நோட்டும் போதும். தேவைப்படுவது பி.டி. பீரியட் மட்டும்தான். பரீட்சை நெருங்கியதும் அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் நிறுத்த வேண்டும். ஒரு சமூகத்தில் சேர்ந்து வாழப் பழக்கும் வகுப்பு அட்டவணையில் அது ஒன்றுதான்.

பி.டி. ஆசிரியர்களுக்கும், குறுவட்டப் போட்டிகளையும் ஊர்ப் போட்டிகளையும் நடத்தும் அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த போட்டியில் சிறுவர் பிரிவுக்காவது தெருவை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள். சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சிறந்த கூட்டாளிக்கும் ஒரு கோப்பை வையுங்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளிடமே ஓட்டு எடுங்கள். யார் நல்ல கூட்டாளி என்பது அவர்களுக்குத் தெரியும்.